ஒரு கிளாஸ் விஸ்கி சவர்: 119 ரூபாய் 30 காசு

விஸ்கியோடு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து, ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் விஸ்கி சவர் தயார். வீட்டில் செய்யக்கூடிய காக்டெயில்களில் இதைவிட எளிதானவை சிலதான் இருக்கும். வேண்டிய பொருள் நான்கு. அவற்றில் மூன்று நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த நான்கின் அளவையும் விலையையும் வரிவரியாக எழுதிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. செலவில் பத்துக்கு ஒன்பது பங்கு பாட்டிலுக்குப் போகிறது. கிளாஸில் இருப்பது குடிக்கும்படி இருக்குமா இருக்காதா என்பதை முடிவுசெய்வது மீதி ஒரு பங்கு. நாம் கைச் சுருக்கம் காட்டுவதும் அந்த ஒரு பங்கில்தான்.

முதலில் அளவு. சவர் என்ற வகை 1862இல் நியூயார்க்கில் வெளியான ஜெர்ரி தாமஸின் கலவைக் கையேட்டில் அச்சேறிவிட்டது. அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், இந்தியத் துறைமுகங்களுக்கு வந்த ஆங்கில மாலுமிகள் இங்குள்ள சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து குடித்திருக்கிறார்கள். ஆகவே இந்தச் சேர்க்கை நமக்கு அந்நியமானதல்ல. இன்று உலக பார்டெண்டர் சங்கம் வைத்திருக்கும் அளவு: விஸ்கி 45 மி.லி., லெமன் சாறு 25 மி.லி., சர்க்கரை சிரப் 20 மி.லி. நம் ஊர் எலுமிச்சை சிறியது, வாசனை காட்டமானது. 25 மி.லி. ஊற்றினால் விஸ்கி பின்னுக்குப் போய்விடுகிறது. அதனால் நான் 45, 20, 20 என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு இது:

விஸ்கி 45 மி.லி. — ரூ.108.00
எலுமிச்சை 2 பழம் — ரூ.10.00
சர்க்கரை 12.3 கிராம் — ரூ.0.55
ஐஸ் 250 கிராம் — ரூ.0.75
மொத்தம் — ரூ.119.30

விஸ்கிக்கு 90.5 சதவீதம். மற்ற மூன்றும் சேர்ந்து 11 ரூபாய் 30 காசு.

750 மி.லி. ஃபுல் பாட்டில் 1,800 ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்வது சுலபம்: 45 மி.லி. என்பது 750இல் சரியாக 6 சதவீதம். பாட்டில் விலையில் 6 சதவீதத்தை எடுத்தால் ஒரு கிளாஸுக்கான விஸ்கிச் செலவு வந்துவிடும். 900 ரூபாய் பாட்டில் என்றால் 54. 3,600 ரூபாய் என்றால் 216. ஒரு ஃபுல்லில் 16 கிளாஸ் போக 30 மி.லி. மிஞ்சும். 180 மி.லி. குவார்ட்டரில் மிச்சமே இல்லாமல் 4 கிளாஸ்.

எந்த விஸ்கி என்று கேட்டால், நடுத்தரம் என்பேன். இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்பு ஆலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. தானியத்தில் வடிக்காததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று பெயர் ஒட்டி விற்கவே முடியாது. அந்தப் பச்சைச் சாராய நெடியைச் சர்க்கரை மறைக்காது, இன்னும் தூக்கித்தான் காட்டும். மறுபக்கம், நல்ல சிங்கிள் மால்ட்டை எலுமிச்சையில் நனைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பீப்பாயில் கிடக்கும்போதே ஆவியாகிப் போகும் பங்கு ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் அளவு. பெங்களூரு வெயிலில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். ஆண்டுக்கு 10 என்று வைத்தாலே 5 ஆண்டில் 41 சதவீதம் காற்றோடு போயிருக்கும். அப்படித் தங்கிய சரக்கைத் தனியாக ஊற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீரோடு குடிப்பதுதான் அதைச் செய்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சவருக்கு அமெரிக்கர்கள் பயன்படுத்துவது போர்பன். குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய் என்பது அதற்கான சட்டம். வெனிலா வாசனையும் இனிப்புச் சாயலும் அதில் இயல்பாக இருக்கும். போர்பனுக்கு இந்தியா போட்ட இறக்குமதி வரி 150 சதவீதமாக இருந்து 2025 பிப்ரவரியில் 100 ஆனது. 100 ரூபாய்ச் சரக்குக்கு முன்பு 150 ரூபாய் வரி, இப்போது 100 ரூபாய். மாநில வரிகள் அதற்கு மேல் தனி. கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை. லேபிளில் ஓர் எண்ணை மட்டும் பாருங்கள். இந்திய விஸ்கியில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால், வெளிநாட்டு பாட்டில்கள் பலவற்றில் 40. 45 மி.லி.யில் முன்னது 15.2 கிராம் ஆல்கஹால், பின்னது 14.2 கிராம்.

இனி அந்த 11 ரூபாய் 30 காசு.

நம் கடையில் வரும் நடுத்தர எலுமிச்சை 40 கிராம் இருக்கும். தோல் மெல்லியதாக, கையில் கனமாக, லேசாக அழுத்தினால் உள்ளே போகிற பழத்தில் 12 முதல் 15 மி.லி. சாறு வரும். தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும் பழத்தில் அதில் பாதிகூட வராது. 20 மி.லி. சாற்றுக்கு ஒன்றரைப் பழம் போதும் என்றாலும், ஒரு கிளாஸ் மட்டும் செய்யும்போது இரண்டாவது பழத்தை அறுத்தாக வேண்டும். அதனால் கணக்கில் இரண்டு பழம். சாற்றில் 6 சதவீதம் அளவுக்கு அமிலம். 20 மி.லி.யில் 1.2 கிராம். 1,800 ரூபாய் பாட்டிலின் எதிரே நின்று ருசியைத் தாங்குவது அந்த 1.2 கிராம்தான்.

புளியங்குடிச் சந்தை வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் பழம் மலிவு. கோடையில் வரத்துக் குறையக் குறைய விலை ஏறும். 2022 ஏப்ரலில் நாடு முழுக்க எலுமிச்சை விலை தலைப்புச் செய்தியானது, ஒற்றைப் பழம் 10 ரூபாயைத் தாண்டியது. சரி, ஒரு பழம் 15 ரூபாய்க்கே விற்கட்டும். 2 பழம் 30 ரூபாய். கிளாஸின் மொத்தச் செலவு 139 ரூபாய் 30 காசு. எலுமிச்சை மும்மடங்கு ஏறியும் கிளாஸ் 17 சதவீதம்தான் ஏறுகிறது. அந்த நேரத்தில் ஒரு பழத்தைக் குறைத்தால் மிச்சம் 15 ரூபாய். அதற்கு விலை, 108 ரூபாய் விஸ்கி வெறும் சர்க்கரைத் தண்ணீர்போல் தொண்டையில் இறங்குவது. பாட்டிலில் அடைத்த லைம் கார்டியலை ஊற்றுவதும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். அதில் சர்க்கரை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, எவ்வளவு என்று நம் கையில் இல்லை.

சாறு பிழியும்போது ஒன்று கவனியுங்கள். பழத்தைக் குறுக்கே அறுத்து, விதை விழ ஒரு டீ வடிகட்டியைக் கீழே பிடித்து, முக்கால் அழுத்தத்தில் நிறுத்திவிட வேண்டும். கடைசிச் சொட்டுக்காகத் தோலை முறுக்கினால் வெள்ளைச் சதையின் கசப்பும் கூடவே இறங்கும். பிழிந்த சாற்றை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் அதுவும் கசக்கும்.

சர்க்கரையில் செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. கிலோ 45 ரூபாய் என்றால் 12.3 கிராம் 55 காசு. பல மாவட்டங்களில் காலி பாட்டிலை டாஸ்மாக் கடையில் திருப்பிக் கொடுத்தால் கூடுதலாக வாங்கிய 10 ரூபாய் திரும்பி வருகிறது. 2022இல் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த 10 ரூபாயில் 6 சதவீதம் 60 காசு. காலி பாட்டிலே சர்க்கரைக்குப் பணம் கொடுத்துவிடுகிறது.

ஆனால் அளவில் தவறு நடப்பது சர்க்கரையில்தான் அதிகம். 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. வெந்நீரில் கரைத்தால் 200 மி.லி. வராது, 162 மி.லி.தான் வரும். ஒவ்வொரு மி.லி.யிலும் 0.6 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை. அடுப்பில் வைத்துப் பாகாக்க வேண்டியதில்லை. தெளியும்வரை கலக்கி ஆறவிட்டால் போதும். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். சிரப் போட நேரமில்லாதவர்கள் தட்டையாக மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 12 கிராம், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரிசை முக்கியம். சர்க்கரையை முதலில் எலுமிச்சைச் சாற்றில் கரைத்துவிட்டு, அப்புறம் விஸ்கி, கடைசியில் ஐஸ். ஆல்கஹாலில் சர்க்கரை கரையாது, குளிரில் இன்னும் கரையாது. விஸ்கியை முதலில் ஊற்றியவர் கிளாஸின் அடியில் கிடைப்பது 55 காசு மணல். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் விஸ்கிக்கு நன்றாகவே பொருந்தும். கருப்பட்டிக்கு ஒரு புகை வாசம் உண்டு, பீப்பாயில் கிடந்த சரக்கோடு அது சேரும்போது தனி ருசி. மண் இருக்கும், வடிகட்டாமல் ஊற்றக் கூடாது.

இப்போது ஐஸ். இந்தக் கணக்கில் நான் அதிகம் பேச விரும்புவது இந்த 75 காசைப் பற்றித்தான்.

250 கிராம் ஐஸ் என்பது குலுக்க 150, கிளாஸில் போட 100. 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் தண்ணீருக்கு 50 காசு, உறையவைக்கும் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 25 காசு. ஐஸ் குளிர வைப்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். அது உருகித் தரும் தண்ணீரும் இந்தப் பானத்தின் ஒரு பொருள்தான். எவ்வளவு உருகும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். நம் கலவை 85 மி.லி. அதை ஒரு டிகிரி குளிரவைக்கச் சுமார் 330 ஜூல் எடுக்க வேண்டும். சென்னையில் எல்லாமே 30 டிகிரியில் இருக்கிறது என்றால், 0 டிகிரிக்கு இறக்க 9,900 ஜூல். அதற்கு 30 கிராம் ஐஸ் கரையும். குலுக்கும் பாத்திரமும் குளிர வேண்டும். 200 கிராம் எவர்சில்வர் டப்பா இன்னொரு 9 கிராம் ஐஸைத் தின்னும். ஆக, ஏறத்தாழ 40 மி.லி. தண்ணீர் உள்ளே வருகிறது. 85 மி.லி. ஊற்றி மூடிய கலவை, வடிகட்டும்போது 125 மி.லி.

அதாவது கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு, நாம் ஊற்றாமல் ஐஸிலிருந்து வந்த தண்ணீர். விஸ்கி 45, ஐஸ் தண்ணீர் 40. அடுத்தது சாறும் சிரப்பும் தலா 20. ஐஸுக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். குளோரின் வாசமும் ஃப்ரீசரில் திறந்து கிடக்கும் மீனின் வாசமும் நேராக இந்த 40 மி.லி.யில் ஏறிவிடும். மீன் பெட்டிக்கு வரும் ஐஸ் பாரை உடைத்துப் போடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

அந்தக் கணக்கையே கொடைக்கானலுக்குக் கொண்டுபோங்கள். எல்லாம் 15 டிகிரியில் தொடங்கினால் உருகுவது 20 கிராம்தான். சென்னையில் 15.4 சதவீதமாக வந்த ஆல்கஹால் அங்கே 18.3 ஆகிறது. இனிப்பும் புளிப்பும் அந்த அளவுக்குக் கூர்மையாகின்றன. விஸ்கி பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஒரே அளவு ஊற்றியும் ஒருநாள் சாந்தமாகவும் ஒருநாள் முரட்டுத்தனமாகவும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பரிகாரம் எளிது: குளிர்ந்த பொருள்களில் தொடங்கினால் ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சற்று மேல், 15 முதல் 20 மி.லி., குளிர்ந்த நீரைக் குலுக்கும் முன் சேர்த்துவிடுங்கள்.

ஷேக்கர் வாங்கத் தேவையில்லை. இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். அந்தக் காலத்து ஹார்லிக்ஸ் பாட்டில் போன்ற கண்ணாடி ஜாரைவிட அது மேல். கண்ணாடி ஜார் கனம். 350 கிராம் கண்ணாடி முழுக்கக் குளிர 26 கிராம் ஐஸ் செலவாகும், எவர்சில்வரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. டப்பாவின் வெளிப்புறத்தில் பனி பூத்து விரல் வலிக்கத் தொடங்கும்வரை, 12 முதல் 15 விநாடி, வேகமாகக் குலுக்க வேண்டும். தூள் ஐஸ் வேண்டாம், அது மளமளவென்று கரைந்து கணக்கைத் தாண்டிவிடும்.

அளக்க ஜிக்கர் இல்லாத வீட்டிலும் இருமல் மருந்துப் பாட்டிலோடு வந்த அளவு மூடி இருக்கும். 2.5, 5, 7.5, 10 என்று கோடு போட்டது. கழுவி எடுத்தால் இதைவிடத் துல்லியமான கருவி வேண்டாம். விஸ்கிக்கு நான்கு முழு மூடியும் ஒரு அரை மூடியும், சாற்றுக்கு இரண்டு, சிரப்புக்கு இரண்டு. கண்ணளவில் ஊற்றும் கை, டம்ளரில் 10 மி.லி. கூட ஊற்றுவது சர்வ சாதாரணம். அந்த 10 மி.லி.க்கு விலை 24 ரூபாய். சாறு, சர்க்கரை, ஐஸ் மூன்றுக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் ருசியைக் கெடுப்பதற்காக.

மேலே வெள்ளை நுரை நிற்க வேண்டுமென்றால் 15 மி.லி. முட்டை வெள்ளைக்கரு. ஒரு முட்டை இரண்டு கிளாஸுக்குக் காணும். முட்டை 7 ரூபாய் என்றால் கிளாஸுக்கு 3 ரூபாய் 50 காசு. ஐஸ் போடும் முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை குலுக்க வேண்டும். பச்சை முட்டை வயிற்றைக் கெடுக்கலாம் என்று அஞ்சுவது நியாயமே. உப்புப் போடாமல் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் அதே அளவு ஊற்றினாலும் நுரை நிற்கும், செலவும் இல்லை.

இப்போது நான்கு பேர், ஆளுக்கு இரண்டு, மொத்தம் 8 கிளாஸ். விஸ்கி 360 மி.லி. ஒரு ஆஃப் பாட்டில் 375. கச்சிதம். சிரப் 160 மி.லி. வேண்டும். 100 கிராம் சர்க்கரையும் 100 மி.லி. தண்ணீரும் 162 தருகின்றன. எலுமிச்சையை மொத்தமாகப் பிழிவதால் 16 பழம் வேண்டாம், 13 போதும், அரைக் கிலோ. மில்லிக்கு அதே 2 ரூபாய் 40 காசு வைத்தால் விஸ்கி 864, எலுமிச்சை 65, சர்க்கரை 4.50, ஐஸ் 6. மொத்தம் 939 ரூபாய் 50 காசு.

இதில் வீட்டுக்காரர் திணறப்போகும் வரி அந்த 6 ரூபாய். 8 கிளாஸுக்கு 2 கிலோ ஐஸ். வழக்கமான ஐஸ் ட்ரே ஒன்றில் 20 கிராம் கட்டி 12 அல்லது 13 வரும், 250 கிராம். ஆக 8 ட்ரே. நம் ஃப்ரீசரில் இருப்பது இரண்டு. ஒருமுறை உறைய 4 மணி நேரமாவது ஆகும். முதல்நாள் காலையிலேயே தொடங்கி, உறைந்ததை ஒரு மூடிபோட்ட டப்பாவில் சேர்த்துவைத்து நான்கு சுற்று எடுத்தால்தான் சேரும். முதல் ரவுண்டு அருமையாக இருந்து இரண்டாவது வெதுவெதுப்பாகிவிட்டதென்றால் விஸ்கியைக் குறைசொல்ல வேண்டாம்.

பிழிந்த தோல்களைக் குப்பையில் போடாதீர்கள். உப்பில் பிசறி ஜாடியில் போட்டு, பகலில் வெயிலில் வைத்தால் தோல் ஊறுகாய்க்கு ஆகும்.

கணக்கில் உடம்பின் பக்கத்தையும் எழுத வேண்டும், மறைப்பது நேர்மையல்ல. ஒரு கிளாஸில் ஆல்கஹால் 15.2 கிராம், அதற்கு 106 கலோரி. சர்க்கரைக்கு 49. மொத்தம் 155க்கு மேல். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஒரு கிளாஸில் அதில் பாதி போய்விடுகிறது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று அதே நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

வண்டி ஓட்டுபவருக்கான எண் 30. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 65 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் இந்த 45 மி.லி. கிளாஸ் ஒன்றைக் குடித்தால் சுமார் 34. 55 கிலோ பெண்ணுக்கு 50. ஒன்றுதானே என்று சொல்ல இடமே இல்லை. அந்த ஆண் இரண்டு குடித்தால் 69. மணிக்கு 15 வீதம் இறங்கினாலும் 30க்குக் கீழே வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல், முழுதும் நீங்க நாலரை மணி நேரத்துக்கு மேல். முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய், சிறைக்கும் இடமுண்டு. 10,000 ரூபாய் என்பது 83 கிளாஸின் முழுச் செலவு. ஆகவே நால்வர் கூடும் மாலைக்கு 939 ரூபாய் 50 காசுக்குக் கீழே இன்னொரு வரி எழுதி, வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோ வாடகையை அன்று காலையிலேயே அதில் போட்டுவிடுவது என் வழக்கம். ஐஸ் ட்ரேயை நிரப்பும்போதே அதையும் எழுதிவிடலாம்.